பாலம் உடைந்துவிட்டது என்றாய்

ராசா,

நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. சுகமாகத்தான் இருப்பாய். நானும் இருக்கிறேன். இடது மணிக்கட்டில் வீக்கம் வடிந்துவிட்டது, தோசைக் கல்லைத் தூக்க முடிகிறது, இப்போதைக்கு அது போதும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ "எம்மா, ஒரு மீட்டிங், அப்புறம் கூப்பிடுதேன்" என்பாய். அந்த அப்புறம் வரவே வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. உன் சிநேகிதர்களுக்கும் வேறு பெயர்தான் வைத்திருக்கிறேன். நீ எனக்கு ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டியதை, ஆள் சேர்த்து, கூடாரம் கட்டி, ஒரு பயணமே ஏற்பாடு பண்ணிச் சொன்னாய். நான் பதிலை ஊரறியச் சொல்கிறேன். சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்.

படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரிய வேண்டாமா? நான் கிராமச் சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மேலகரத்தில் தனியாக இருக்கிறேன். உன் அப்பா போலீஸ்காரர். குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் அருவிக்கரையில் கூட்டத்தை வரிசையில் விட்டுக்கொண்டு நிற்பார். சீசன் முடிந்தால் வேறு எங்காவது பந்தோபஸ்து. என்றைக்கு வீட்டுக்கு வருகிறார் என்பதைக்கூட யாராவது ஒரு கான்ஸ்டபிள் வந்துதான் சொல்லிவிட்டுப் போவார். அதனால் எனக்கு வண்டி பழக்கிவிட ஆள் கிடையாது. பெடல் போட்ட ஒரு பழைய மொபெட்டை வாங்கி, விழுந்து எழுந்து நானே பழகிக்கொண்டேன். இலத்தூர், பண்பொழி, மேக்கரை என்று தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் சுற்றாத மண் பாதை இல்லை. பள்ளிக்கூடம் லீவு என்றால் நீயும் முன்னால் நின்றுகொண்டு வருவாய். சாரல் முகத்தில் அடித்தால் அப்படியே திரும்பி என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். நான் உன் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன்.

அந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது, உனக்குத் தெரியும். ஊசி போடுகிறபோது எந்தக் குழந்தையிடமும் "வலிக்காது" என்று நான் சொன்னதே இல்லை. மற்ற நர்ஸுகள் "எறும்பு கடிக்கிற மாதிரி", "அங்கன பாரு காக்கா" என்று ஏமாற்றிக் குத்திவிடுவார்கள். நான் குழந்தையின் முகத்தைப் பார்த்து, "வலிக்கும், கொஞ்ச நேரம் வலிக்கும், அழுதுக்கோ, பெறகு சரியாப் போவும்" என்பேன். தாய்மார்கள் என்னைத் திட்டுவார்கள், "இந்தம்மா புள்ளைய முன்னக்கூட்டியே பயமுறுத்துதாவளே" என்று. ஆனால் அடுத்த தவணைக்கு அதே பிள்ளைகள் என்னைப் பார்த்து ஓடாது. கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். உனக்கும் அப்படித்தான் போட்டேன். உன்னிடமும் நான் "வலிக்காது" என்று சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வலது கண்ணுக்குப் புரை எடுத்தபிறகு நான் ஸ்கூட்டர் ஓட்டுவது உனக்குப் பிடிக்கவில்லை. அதற்கேற்றாற்போல் மேலகரம் வேகத்தடையில் ஒருநாள் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். அதை நீ என்னிடம் நேராகக் கேட்கவில்லை. உன் மனைவி கேட்டாள், "அத்தை, ஆட்டோ வச்சிக்கிடலாமே?" பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார், "பையன் ரொம்ப வெசனப்படுதான் போலயே?" முத்து வந்தான். முத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து உன்னோடு சுற்றுகிறவன், நம் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவன், இப்போது தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். நீ கணக்கில் பெயிலானதை எனக்கு வந்து சொன்னவன் அவன். நீ ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் பிரியப்படுகிறாய் என்று வாசலில் நின்று காலால் கோலத்தை அழித்துக்கொண்டே சொன்னவனும் அவன்தான். அவன் வந்து, "சித்தி, ஒங்களுக்கு எதுக்கு இந்த வண்டி" என்று ஆரம்பித்தான். நான், "ஒன்ன அனுப்புனவன வரச் சொல்லு, பேசுவோம்" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். சென்னையிலிருந்து நீ வந்து கேட்கவேண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்த வண்டி எனக்குக் கால் மாதிரி. அதில்தான் சந்தைக்குப் போகிறேன், ஐந்தருவியில் கூட்டம் சேருமுன் குளித்துவிட்டு வருகிறேன், நடக்க முடியாத கிழவிகளுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு வருகிறேன். காலை எடுத்துக்கொள்கிறவன் நேரில் வந்து கேட்கவேண்டாமா?

நீ நேரில் வரவில்லை, போன் பண்ணினாய். சீசன் ஆரம்பித்து சாரல் போட்டுக்கொண்டிருந்தது. "எம்மா, சனி ஞாயிறு நாங்க பைக்குல கேம்பிங் போறோம். மேக்கரை பக்கம், முழுக்க மண்ரோடு. நீயும் வாரியா?" என்றாய். நான் சிரித்துவிட்டேன். "ஏலே, கெழவிய வச்சுக் கேலி பண்ணுதியோ?" என்றேன். "நெசமாத்தாம்மா. ஒன் ஸ்கூட்டர எடுத்துட்டு வா. நீ ஓட்டாத மண்ரோடா?" என்றாய். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. நீ ஓட்டாத மண்ரோடா! போனை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று எனக்கே தெரியாது. எந்த மகன் கூப்பிடுகிறான் அம்மாவை இப்படி? கோயிலுக்குக் கூட்டிப்போவான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். சிநேகிதர்களோடு பைக்கில் ஊர்சுற்றக் கூப்பிடுவானா? நான் தெருவில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். தென்காசி பஜாரில் போய்க் கணுக்காலை மூடுகிற மாதிரி ஒரு ஷூ வாங்கினேன். கடைக்காரப் பையன், "யாருக்கு ஆச்சி, பேரனுக்கா?" என்றான். "எனக்குத்தாம்லே, மண்ரோட்டுல பைக் ஓட்டப் போறேன்" என்றேன். அவன் வாயைப் பிளந்ததை நினைத்து நினைத்து வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வந்தீர்கள். திருநெல்வேலியில் வாடகைக்கு எடுத்த பெரிய பைக் இரண்டு. ஒன்றில் நீ. இன்னொன்றில் உன் சென்னைச் சிநேகிதன், எலும்பு டாக்டர். அவன் பின்னால் முத்து, மடியில் கூடார மூட்டை. டாக்டர் தம்பி தங்கமான பிள்ளை. "ஆன்ட்டி, ஹெல்மெட் பட்டை லூசா இருக்கு" என்று அவனே இறுக்கிவிட்டான். நான் கட்டி வைத்திருந்த புளியோதரையைப் பார்த்ததும் முத்து, "சித்தி, இதுக்கே வரலாம்" என்றான். நீ முன்னால், நான் நடுவில், அவர்கள் எனக்குப் பின்னால். இலத்தூர்க் குளத்தங்கரையில் ஏறினோம் பார், குளம் தளும்பிக் கிடந்தது. காற்று ஆளைத் தள்ளியது. செம்மண் ஈரத்தில் டயர் இழுபட்டது. நான் முன் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்துப் போனேன். மண் ரோட்டில் முன் பிரேக்கைப் பிடிக்காதே என்று உனக்கும் சொல்லியிருக்கிறேன், மறந்துவிடாதே. நீ அடிக்கடி திரும்பிப் பார்த்தாய். டாக்டர் தம்பி ஒரு இடத்தில்கூட என்னை முந்தவில்லை. பெரியவர்களை முந்தக்கூடாது என்று மரியாதை போலிருக்கிறது, நல்ல வளர்ப்பு என்று மனசுக்குள் அவன் தாயை வாழ்த்திக்கொண்டே போனேன். எனக்கு அன்றைக்கு எல்லாமே நல்லதாகத்தான் பட்டது.

பண்பொழியில் டீ குடித்தோம். திருமலைக் குமாரசாமி கோயில் மலைக்கு மேலே மேகத்துக்குள் இருந்தது. கீழே நின்றே கும்பிட்டுக்கொண்டேன். அப்புறம் தார் ரோட்டை விட்டு எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இறங்கினோம். சுடலைமாடன் பீடம் வந்தது. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். நேரே போனால் ஓடைக்கு மேல் தரைப்பாலம். இடது பக்கம் போனால் மாடுகள் இறங்குகிற துறை. எத்தனை முறை அந்தப் பாலத்தில் போயிருக்கிறேன். நான் நேரே விட்டேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"எம்மா, இந்தப் பக்கம்."

"நேரே போனா பாலம்லா இருக்கு?"

"அது ஒடைஞ்சு போச்சும்மா. போன மழையில அடிச்சிட்டுப் போயிட்டு."

"அய்யய்யோ, நல்ல பாலமாச்சே" என்றேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மலை வெள்ளம் வந்தால் பாலம் போகத்தான் செய்யும், அது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. அதுவுமில்லாமல் சொன்னது நீ. முத்து குனிந்து ஷூ கயிற்றைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்த ஷூவுக்குக் கயிறே கிடையாது என்பது எனக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

ஓடையில் தண்ணீர் கெண்டைக்கால் அளவுதான். ஆனால் அடியில் பலகைப் பாறை, பாறை முழுக்கப் பாசி. நீ முதலில் இறங்கி, பெரிய டயர் வண்டி, தாண்டிப் போய் அந்தக் கரையில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றாய். "பைய வாம்மா" என்றாய். பைய வந்தேன். பாதி தாண்டியிருப்பேன், முன் சக்கரம் விலகிவிட்டது. இடது கையை ஊன்றினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது காதுக்குள் ஐஸ் மாதிரித் தண்ணீர். வண்டி பக்கத்தில் படுத்துக்கிடந்து உறுமிக்கொண்டிருந்தது. நீ ஓடிவந்தாய். உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அது நடிப்பில்லை, பெற்றவளுக்கு அது தெரியும், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் தம்பி பையைத் திறந்தான். கட்டை, பஞ்சு, இழுத்துச் சுற்றுகிற துணி, வலி மருந்து, எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. எலும்பு முறியவில்லை, பிசகல்தான் என்று விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துச் சொன்னான். அந்த வலியிலும் எனக்குள் இருந்த நர்ஸு சும்மா இருக்கவில்லை. "ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு தயாரா இருக்க மாட்டாங்க தம்பி" என்று அவனைப் பாராட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வலியை விடு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேனே. மூன்று பிள்ளைகள் சேர்ந்து என் வண்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தேன். அப்போது நானாகத்தான் சாவியை உருவி உன்னிடம் நீட்டினேன். "இந்தாலே. போதும். இனிமே எனக்கு இது வேண்டாம்" என்றேன். "என்னம்மா இது, ஒருதரம் விழுந்ததுக்கா" என்று வேறு எந்த மகனாக இருந்தாலும் பேச்சுக்காவது சொல்லியிருப்பான். நீ வாங்கினாய், ஜெர்கின் உள்பையில் போட்டாய், ஜிப்பை இழுத்தாய். ஒரு பெருமூச்சு விட்டாய். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். பாவி, அது வேலை முடிந்த நிம்மதி.

அன்றைக்குச் சாயங்காலம் தென்னந்தோப்பில் கூடாரம் அடித்தீர்கள். தோப்புக்காரர் முத்துவுக்குத் தெரிந்தவர். நீ என்னை எப்படித் தாங்கினாய்! நனைந்த துணியைப் பிழிந்து கயிற்றில் போட்டாய். எனக்குச் சூடாகக் கஞ்சி வைத்தாய். தலையணைக்குப் பதில் உன் பையைச் சுருட்டி வைத்தாய். கூடாரத் துணியில் சாரல் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கை விண்விண் என்று தெறித்தது. ஆனாலும் உன் அப்பா போனபிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் படுத்ததில்லை. வண்டி போனால் போகிறது, பிள்ளை இருக்கிறான் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. விழுந்ததற்காக இல்லையப்பா. அந்தச் சாயங்காலத்துக்காக.

மறுநாள் காலையில் நீயும் டாக்டர் தம்பியும் குளிக்கப் போயிருந்தீர்கள். முத்து கல் கூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தான். நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "அந்த டாக்டர் புள்ள எவ்வளவு கருத்தா எல்லாம் கொண்டாந்திருக்கான் பாரு" என்றேன்.

"ஆமா சித்தி. அந்த எடமும் ஆபத்து இல்லாத எடந்தான். போன வாரமே நான் வந்து எறங்கிப் பாத்துட்டுத்தான் ஒங்க மவங்கிட்டச் சொன்னேன். பாசி இருந்தாலும் ஆழம் கெடையாது, கூர்க்கல்லும் இல்ல, லேசா..." என்றவன், அப்படியே நிறுத்திவிட்டான். டீ பொங்கி வழிந்தது. அவன் இறக்கவில்லை.

"லேசா என்னலே?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"முத்து, எம் மொகத்தப் பாரு. லேசா என்ன?"

அவன் அழுதுவிட்டான். அவ்வளவு பெரிய ஆம்பிளை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அழுதான். "லேசா ஒருதரம் விழுந்தா நீங்களே வண்டிய விட்டுருவியன்னு சொன்னான் சித்தி. நாங்க சொன்னா கேக்க மாட்டிய. பஸ்ஸு லாரி வார ரோட்டுல விழுந்தியன்னா என்ன ஆவும்? இங்கனன்னா டாக்டரு பொறத்தாலயே வருவாரு, நாங்க இருக்கோம்... ஒங்க நல்லதுக்குத்தான் சித்தி."

"பாலம்?" என்றேன்.

"அத எங்கிட்டக் கேக்காதிய."

"கண்ணத் தொடைச்சுக்கோ, அவனுக வாரானுவ" என்று மட்டும் சொன்னேன். உன் காரியத்துக்கு இனிமேல் அந்தப் பிள்ளையை அனுப்பாதே, ராசா. சோறு போட்ட கையை ஒடிக்கிற இடத்தை அவனையே தேடிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறாய். சிநேகிதம் என்பதற்காக அவனும் செய்திருக்கிறான். இப்போது அவன் என் வீட்டுத் தெரு வழியாக வருவதே இல்லை. நீ சென்னைக்குப் போய்விட்டாய். இங்கே கிடந்து குன்றிப்போகிறவன் அவன்தான்.

திரும்பும்போது முத்து என் ஸ்கூட்டரை ஓட்டினான். நான் உன் பின்னால் உட்கார்ந்து வலது கையால் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன். திரும்பவும் அந்தத் துறை வழியாகத்தான் தாண்டினோம். சுடலைமாடன் பீடம் வந்ததும் நான் உன் காதுப் பக்கம் குனிந்து, "ஏலே, அந்தப் பாலம் நெசமாவே ஒடைஞ்சிட்டா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதாவது தெரிந்துகொள். உன்னைப் பிடிக்கக் கேட்கவில்லை. நீ தப்பித்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். "இல்லம்மா, ஒரு சின்ன வேல பண்ணிட்டோம், கோவப்படாத" என்று நீ அப்போது சொல்லியிருந்தால், முதுகில் இரண்டு போட்டுவிட்டு அதோடு விட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து மீன்குழம்பு வைத்துக் கொடுத்திருப்பேன். நீ யோசிக்கக்கூட இல்லை. "ஆமாம்மா, பெரிய பெரிய கல்லா சரிஞ்சு கெடக்கு, நானே பாத்தேன்" என்றாய். கேட்டதற்கு மேலேயே சொன்னாய். என் கை உன் இடுப்பில்தான் இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் விழுந்துவிடுவேன்.

நீ ரயிலேறிப் போனபிறகு நான் ஒரு வாரம் பொறுத்தேன். உன் பக்கத்தில் நின்று எனக்குள்ளேயே வக்காலத்து வாங்கினேன். விழ வைத்தது உண்மை. பயத்தில் பண்ணிவிட்டான், தாய்மேல் உள்ள பாசம். ஆனால் பாலம் உடைந்ததும் உண்மையாக இருக்கலாம் அல்லவா? துறை வழியாகத்தான் போயாக வேண்டும் என்று இருந்திருக்கலாம், அதை அவன் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம், முகத்துக்கு நேரே இரண்டு தடவை பொய் சொல்லியிருக்க மாட்டான். இப்படியே நினைத்து நினைத்துத் தூக்கம் போனதுதான் மிச்சம். கையில் கட்டோடு பஸ் ஏறினேன். பண்பொழியில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தேன். பீடம் வரைக்கும்தான் ஆட்டோ வரும் என்றான். இறங்கி நடந்தேன். ஒரு தாய் என்ன வேண்டிக்கொண்டு நடப்பாள் என்று நினைக்கிறாய்? திருமலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கையெடுத்து, "முருகா, அந்தப் பாலம் ஒடைஞ்சு கெடக்கணும்" என்று வேண்டிக்கொண்டு நடந்தேன். ஜனங்கள் போகிற வருகிற பாலம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற பாலம். அது இடிந்து கிடக்கணும் என்று வேண்டினேன். எனக்கு அப்போது வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை.

வளைவு திரும்பினேன். பாலம் இருந்தது. ஒரு கல் பெயரவில்லை. புதிதாகச் சுண்ணாம்புகூட அடித்திருந்தார்கள். புல்லுக்கட்டோடு ஒரு பெண் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். நான் நின்ற நிலையைப் பார்த்து, "என்ன நர்ஸம்மா, இங்கன நிக்கிய? கையில என்ன?" என்றாள். பழைய ஆள், தன் பிள்ளைகளுக்கு என்னிடம் ஊசி போட்டுக்கொண்டு போனவள்.

"இல்ல தாயி, பாலம் ஒடைஞ்சிட்டுன்னு சொன்னாங்க."

"ஒடைஞ்சிட்டா? யாரு சொன்னா? போன மழைக்கு ஒண்ணும் ஆவலியே. ரெண்டு பக்கமும் மண்ணுகூட அரிக்கல."

யாரு சொன்னா என்று அவள் கேட்டதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? என் மகன் சொன்னான் என்று வாய் வரவில்லை. "யாரோ வழிப்போக்கன் சொன்னான்" என்றேன். பெற்றவள் வாயால் உன்னை அப்படிச் சொல்ல வைத்துவிட்டாய். அவள், "நல்லாச் சொன்னாம் போங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். யாரும் இல்லை, சத்தம் போட்டே அழுதேன்.

இப்போது நீ கேட்பாய், வண்டி என்ன ஆயிற்று என்று. முற்றத்தில் நிற்கிறது. நீ ஒரு சாவியைக் கொண்டுபோனாய், இன்னொன்று பீரோவில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை. ஏன் தெரியுமா? எனக்கு இப்போது ஒரு விஷயம் தெரியவில்லை. என் கண் மங்கி, கை தளர்ந்துபோய் நான் அன்றைக்கு விழுந்தேனா, இல்லை அந்தப் பாசியில் யார் இறங்கியிருந்தாலும் விழுந்திருப்பார்களா? வயசாகிறவளுக்கு இது தெரிந்தாக வேண்டும். எதை இன்னும் செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக நான்தான் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அதை நீ குழப்பிவிட்டாய். என் உடம்பைப் பற்றி எனக்கிருந்த கணிப்பையே கெடுத்துவிட்டாய். வண்டியை எடுத்துக்கொண்டதைவிட அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபத்தில் இல்லை, யோசித்தே சொல்கிறேன். "சென்னைக்கு வந்து என்னோட இரு" என்று நீ ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். வரத்தான் வேண்டும் ஒருநாள். அன்றைக்கு எனக்கு இந்த மற்றக் கண்ணும் சரியாகத் தெரியாது. டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நீ எனக்குத் தமிழில் சொல்வாய். சும்மா ஒரு ஸ்கேன்தாம்மா என்பாய். ஒன்றுமில்லை, நார்மல் என்பாய். படி இருக்கு, காலை எடுத்து வை என்பாய். பாதிக்குமேல் நீ சொல்வதை வைத்துத்தான் நான் நடக்கணும். நோயாளிகளைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும், வயசான காலத்தில் மாத்திரையைவிடப் பிள்ளை சொல்கிற வார்த்தையை நம்பித்தான் ஆள் கிடப்பது. இதைத்தான் நீ அந்த ஓடையில் போட்டு உடைத்தாய். நல்லதுக்குத்தான் என்பாய். எனக்கு நல்லது என்று உனக்குத் தோன்றுகிறபோதெல்லாம் நீ எனக்குப் பொய் சொல்லலாம் என்றால், நான் உன்னிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளிடம் எதையும் ஆள் விட்டுச் சொல்லாதே. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல். அழுவாள், கத்துவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். திரும்ப வருவாள். அவளை விழவைத்துவிட்டு மருந்து போட்டுத் தாங்காதே.

நீ வா. முத்து வேண்டாம், உன் டாக்டர் வேண்டாம், உன் மனைவியை முன்னால் அனுப்ப வேண்டாம். தனியாக வா. என் எதிரில் உட்கார்ந்து, "பாலம் இருந்துச்சும்மா, நான் பொய் சொன்னேன்" என்று உன் வாயால் சொல். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். வண்டியை விடு என்றால் அன்றைக்கே விடுகிறேன், சென்னைக்குக் கிளம்பு என்றால் துணியை எடுத்து வைக்கிறேன். அதைச் சொல்லாதவரைக்கும், வெளியே மழை பெய்யுதும்மா என்று நீ சொன்னால்கூட, நான் எழுந்துபோய் வாசலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

அம்மா